கோப்பு எந்த மொழியில் நகர வேண்டும்? பொஹீமியா 1897: ஒரு நிகழ்வு ஆய்வு

ஏன் இந்த நிகழ்வு

ஆஸ்திரிய–ஹங்கேரி பேரரசு 1918 இலையுதிர்காலத்தில் சில வாரங்களுக்குள் கலைந்தது. உலகப்போரில் தோற்றது, அதனால் உடைந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். தப்பும் இல்லை. ஆனால் போர் தொடங்கிய 1914 ஜூலையில், அந்தப் பேரரசின் ஆஸ்திரியப் பாதியில் நாடாளுமன்றம் நான்கு மாதமாகக் கூடவில்லை. போருக்குப் போகலாமா என்று அங்கே யாரும் விவாதிக்கவில்லை; விவாதிக்க அவையே இல்லை. அவையை முடக்கியவர்கள் எதிரி நாட்டார் அல்ல, அதன் சொந்த உறுப்பினர்கள். அந்தப் பழக்கம் பெரிய அளவில் எப்போது தொடங்கியது என்று பின்னோக்கிப் போனால், 1897 ஏப்ரல் 5 அன்று வெளியான ஓர் அரசாணையில் போய் நிற்போம்.

அரசு அலுவலகக் கோப்பு எந்த மொழியில் நகர வேண்டும் என்பதே அந்த ஆணையின் பொருள். எட்டு மாதம்கூட அது நிம்மதியாக இருக்கவில்லை. இந்த ஆய்வு அந்த ஆணையைப் பற்றியது. இதில் வருகிறவர்களைப் பதவியால் மட்டுமே குறிப்பிடுகிறேன். பெயரைச் சொன்னால் உடனே ‘அவர் திறமையற்றவர்’ என்று பேச்சு ஆளின்மேல் போய்விடும். அந்த நாற்காலியில் வேறு யார் இருந்திருந்தாலும் ஏறத்தாழ இதே நெருக்கடிதான் வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

பின்னணி

1866-ல் ஜெர்மன் அரசான பிரஷ்யாவிடம் தோற்ற பிறகு, வியன்னாவிலிருந்து மட்டும் ஆள முடியாது என்று பேரரசருக்குப் புரிந்தது. 1867-ல் ஹங்கேரியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். நாடு இரண்டு பாதியானது. ஒரே அரசர், ஒரே படை, ஒரே வெளியுறவுத் துறை, மற்றது பெரும்பாலும் தனித்தனி. பொதுச் செலவில் யார் எவ்வளவு தருவது, சுங்கம் எப்படி என்பதைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசிப் புதுப்பிக்க வேண்டும். இந்தப் பத்தாண்டுக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஹங்கேரியப் பாதிக்கு ஹங்கேரி என்று பெயர் இருந்தது. மற்றப் பாதிக்குச் சரியான பெயர்கூட இல்லை. ‘பேரவையில் இடம்பெற்றுள்ள அரசுகளும் நிலங்களும்’ என்பதே அதன் சட்டப் பெயர். ஜெர்மன், செக், போலிஷ், உக்ரேனியம், ஸ்லோவேனியம், குரோவேசியம், இத்தாலியம், ருமேனியம் என்று மொழிகள். 1900-ஐ ஒட்டி வந்த குரோன் நோட்டைக் கையில் எடுத்தால் நிலைமை தெரியும். ஒரு பக்கம் முழுக்க ஹங்கேரியம். மறுபக்கம் பெரிதாக ஜெர்மன். அதோடு இன்னும் எட்டு மொழிகளில் மதிப்பு மட்டும் பொடி எழுத்தில். யாருக்கு எவ்வளவு இடம் என்ற சண்டை முழுவதும் அந்த ஒரு தாளில் அச்சாகியிருந்தது.

1867 டிசம்பரில் வந்த அடிப்படைச் சட்டத்தின் 19-ம் பிரிவு நல்ல பிரிவு. எல்லா இனங்களும் சமம். பள்ளியிலும் அலுவலகத்திலும் பொதுவாழ்விலும் அந்தந்த நிலத்தில் வழங்கும் மொழிகள் எல்லாம் சமம் என்றது. கூடவே இன்னொரு வரியும் இருந்தது: நிலத்தின் இரண்டாவது மொழியைக் கற்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தாமல் கல்வி தர வேண்டும். நல்லெண்ணத்தில் எழுதிய வரிதான். ஆனால் முப்பது ஆண்டு கழித்து நெருக்கடி இந்த வரியின் வழியாகத்தான் உள்ளே வந்தது.

பொஹீமியாவில் கண்டது

பொஹீமியா இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி. அன்று பேரரசின் தொழில்வளம் மிக்க பகுதிகளில் ஒன்று. மக்களில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று அதிகமானோர் செக் பேசினார்கள், மற்றவர்கள் ஜெர்மன். ஜெர்மானியர் பெரும்பாலும் எல்லையோர மலை மாவட்டங்களில், நடுப்பகுதி செக்.

சரி, ஒரு கோப்பைப் பின்தொடர்வோம். செக் விவசாயி ஒருவர் வரப்புத் தகராறுக்காக மனு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1880-ல் வந்த ஆணையின்படி அவர் செக்கில் கொடுக்கலாம்; செக்கிலேயே பதில் வரும். இது வெளித்தொடர்பு மொழி. ஆனால் மனு முன்மேசையைத் தாண்டியதும் மொழி மாறியது. எழுத்தர் போடும் குறிப்பு, மேலதிகாரியின் கருத்து, துறைகளுக்கிடையே போகும் கடிதம், நீதிபதிகள் தமக்குள் நடத்தும் கலந்தாலோசனை எல்லாம் ஜெர்மன். இது உள்மொழி. தீர்ப்பு எழுதி முடிந்ததும் மறுபடி செக்குக்கு மாற்றி மனுதாரர் கையில் கொடுப்பார்கள். நீதிபதி, எழுத்தர், மனுதாரர் மூவருமே செக்காக இருந்தாலும் இதே நடைமுறைதான்.

விவசாயிக்கு இதனால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. உறுத்தியது படித்த செக்குகளுக்கு. தம் மொழி சன்னல்வரை வரலாம், உள்ளே வரக்கூடாது என்பது அவர்கள் பார்வையில் இரண்டாந்தரக் குடியுரிமை.

ஜெர்மானியர் பக்கமும் ஒரு கணக்கு இருந்தது. படித்த செக் எவருக்கும் ஜெர்மன் தெரியும். அது இல்லாமல் மேலே போக முடியாது. படித்த ஜெர்மானியருக்குச் செக் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமே வந்ததில்லை, சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே ‘இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும்’ என்ற விதி தாளில் சமமாகத் தெரிந்தாலும், நடைமுறையில் செக் இளைஞருக்கு வேலை, ஜெர்மன் இளைஞருக்குக் கதவடைப்பு. இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. எகர் போன்ற மேற்கு எல்லை நகரத்தில் செக் பேசுகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கேயும் எழுத்தருக்குச் செக் வேண்டும் என்றால் கேட்பவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலே இப்படிச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, கீழே சாதாரணக் குடும்பங்கள் வேறு வழி கண்டுபிடித்திருந்தன. ஜெர்மன் ஊர்க் குடும்பம் தன் பிள்ளையைச் செக் ஊர்க் குடும்பத்துக்கு அனுப்பும். அங்கிருந்து ஒரு பிள்ளை இங்கே வரும். ஒரு கோடைகாலம், சில சமயம் ஒரு பள்ளி ஆண்டு. பிள்ளைகள் அடுத்த மொழியைப் பேசக் கற்றுக்கொண்டு திரும்புவார்கள். பண்டமாற்று போலத்தான்; அதைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல்லே ‘வியாபாரம்’ என்ற பொருளில் வந்தது. இரண்டு பக்கத்து மொழிப் பற்றாளர்களும் இதைக் கண்டித்தார்கள். 1880 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்போ, ஒருவருக்கு ஒரே ஒரு ‘அன்றாடப் பேச்சுமொழி’யைத்தான் எழுத விட்டது. இரண்டும் பேசும் அந்தப் பிள்ளை எந்தப் பத்தியில் வரும்? ஏதாவது ஒன்றில் தள்ளினார்கள். அப்புறம் அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு இரு தரப்பும் மோதின.

பிரதமர் எடுத்த முடிவும் காரணமும்

1895 செப்டம்பர் முடிவில் புதிய பிரதமர் பதவியேற்றார். போலிஷ் பிரபு. அதற்கு முன் போலிஷ், உக்ரேனிய மக்கள் வாழ்ந்த வடகிழக்கு மாகாணமான கலீசியாவில் ஆளுநராக இருந்து கண்டிப்பானவர் என்று பெயர் வாங்கியவர். 1896-ல் வாக்குரிமையை விரிவாக்கினார்: இருந்த நான்கு வாக்காளர் பிரிவுகளோடு ஐந்தாவதாக ஒன்று, 24 வயது நிரம்பிய ஆண்கள் எல்லோருக்கும் அதில் வாக்கு, 72 இடம். அவை 425 உறுப்பினர்களாக வளர்ந்தது. 1897 மார்ச்சில் தேர்தல். செக் கோரிக்கைகளை அழுத்தமாக முன்வைத்த இளைய செக் கட்சி சுமார் 60 இடத்தோடு வந்தது.

அந்த ஆண்டுதான் ஹங்கேரியோடு பத்தாண்டுக் கணக்கைப் புதுப்பிக்க வேண்டும். அவையில் பெரும்பான்மை வேண்டும். செக் வாக்கு இல்லாமல் அது வராது. செக் கட்சி ஒரு விலை சொன்னது: அலுவலக உள்மொழியாகவும் செக் வர வேண்டும்.

பிரதமர் சம்மதித்தார். ஆணையின் சாரம் இரண்டு. ஒன்று, கோப்பு எந்த மொழியில் தொடங்கியதோ அதே மொழியில் உள்ளேயும் நகர்ந்து முடிய வேண்டும், பொஹீமியா முழுவதற்கும். இரண்டு, 1901 ஜூலை 1-க்குப் பிறகு பணியில் சேரும் அதிகாரி இரண்டு மொழியும் பேசவும் எழுதவும் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். சில நாளில் பக்கத்து மாகாணமான மொராவியாவுக்கும் இதே போன்ற ஆணை வந்தது.

சட்டமாகக் கொண்டுவராமல் ஏன் அரசாணையாக? அவையில் சட்டமாக நிறைவேற்றும் அளவுக்கு ஆதரவு இல்லை என்பது ஒரு காரணம். முன்னுதாரணம் இருந்தது இன்னொரு காரணம்: 1880 ஆணையும் அரசாணைதான். அதற்கு முன்பே, 1869-ல், கலீசியாவில் போலிஷ் உள்மொழி ஆனதும் அரசாணை வழியாகத்தான். பிரதமர் அந்த மண்ணிலிருந்து வந்தவர். அங்கே அது ஓடியது; இங்கே ஏன் ஓடாது என்று அவர் நினைத்திருந்தால் வியப்பில்லை. ஆனால் கலீசியாவில் ஓடியதற்குக் காரணம், எதிர்த்த உக்ரேனியர்களுக்கு அன்று அவையிலும் தெருவிலும் பலம் குறைவு. பொஹீமிய ஜெர்மானியர் அப்படியில்லை. அவர்களுக்குப் பத்திரிகை இருந்தது, பல்கலைக்கழகம் இருந்தது, தொழிலதிபர்கள் இருந்தார்கள், வியன்னாவே அவர்கள் மொழி பேசியது.

ஜெர்மன் கட்சிகளோடும் பேசிப் பார்த்தார். அவர்கள் சம்மதிக்கவில்லை. சம்மதம் இல்லாமலே ஆணை வந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை.

கோடை

சரியாகவில்லை. ஜூலையில் எகர் நகரில் பெரும் திரளாகக் கூடினார்கள், காவல்துறையோடு மோதல். நகரசபைகள் ஆணையை அமல்படுத்த மாட்டோம் என்றன. செப்டம்பர் 25 அன்று நடந்தது இன்று நம்பக் கடினம்: அவையில் தன்னைக் கேவலமாகப் பேசிய ஒரு தீவிர ஜெர்மன் தேசிய உறுப்பினரைப் பிரதமர் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். இத்தகைய ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை சட்டப்படி குற்றம். பிரதமரே போய் நின்று கையில் குண்டடி பட்டுத் திரும்பினார். அவரது தனிப்பட்ட தைரியத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு கோப்பு விவகாரம் ஐந்தே மாதத்தில் எங்கே வந்து நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அவை

இலையுதிர்காலத்தில் ஜெர்மன் கட்சிகள் அவையை நடத்தவிடாமல் செய்வது என்று முடிவெடுத்தன. தொடக்கத்தில் விதிப் புத்தகத்தை வைத்தே செய்தார்கள். வந்த மனுக்களை முழுவதும் வாசிக்கச் சொல்வது; எடுத்ததற்கெல்லாம் பெயர் கூப்பிட்டு வாக்கெடுப்பு கேட்பது; அவசரத் தீர்மானத்துக்கு மேல் அவசரத் தீர்மானம். நாள் முழுக்கக் கூடியும் அன்றைய அலுவல் தொடங்கியிருக்காது.

அக்டோபர் 28 இரவு, ஹங்கேரிக் கணக்கைத் தற்காலிகமாக நீட்டிக்கும் மசோதா விவாதத்துக்கு வந்தது. மொராவியாவின் ப்ருன் (இன்றைய பர்னோ) நகர வணிகச் சபையின் சார்பில் வந்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். பேசத் தொடங்கியவர் மறுநாள் காலைவரை நிறுத்தவில்லை. பன்னிரண்டு மணிநேரம். ஆச்சரியம் என்னவென்றால், அவர் பொருளைவிட்டு விலகவே இல்லை. சுங்கம், பங்குவீதம், சர்க்கரை வரி என்று புள்ளிவிவரத்தோடு பேசிக்கொண்டே போனார். சுற்றிலும் மேசை மூடிகளைத் தூக்கித் தூக்கி அடிக்கும் சத்தம். கேட்டவர் மிகச் சிலர். அப்போது வியன்னாவில் தங்கியிருந்த புகழ்பெற்ற அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் பார்வையாளர் மாடத்திலிருந்து அந்தக் காலத்து அமளியைப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்தப் பேச்சின்மேல் அவருக்கு மரியாதையே வந்துவிட்டது.

அந்த அவையின் இன்னொரு வினோதம் இங்கே சொல்லத்தக்கது. உறுப்பினர் தம் மொழியில் பேசலாம்; யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் மொழிபெயர்ப்பாளர் கிடையாது. எல்லோருக்கும் பேச உரிமை இருந்தது, புரிந்துகொள்ள ஏற்பாடு இல்லை.

நவம்பர் 24-ல் கைகலப்பு. அடுத்த நாள் ஆளுங்கட்சித் தரப்பு ஒரு திடீர் வேலை செய்தது. அமளி செய்யும் உறுப்பினரை மூன்று நாள்வரை வெளியேற்றவும், தேவைப்பட்டால் காவலரை வைத்துத் தூக்கிப்போடவும் சபாநாயகருக்கு அதிகாரம் தரும் விதித்திருத்தத்தை ஒரு மூத்த பிரபு முன்மொழிந்தார். விவாதம் இல்லை. இரைச்சலில் அவர் சொன்னது பாதிப் பேர் காதில் விழவும் இல்லை. ‘ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும்’ என்று சபாநாயகர் சொன்னார். முன்பே பேசிவைத்தவர்கள் எழுந்தார்கள். நிறைவேறியது என்று அறிவிப்பு.

இந்த ஒரு நிமிடம்தான் நிகழ்வின் திருப்பம் என்று நினைக்கிறேன். அதுவரை விதியை மீறியவர்கள் எதிர்த்தரப்பு. அந்த நிமிடத்திலிருந்து விதியை மீறியது பெரும்பான்மை. செக் உரிமையை ஆதரித்திருக்கக்கூடிய சமூக ஜனநாயகக் கட்சியினர்கூட அதைப் பொறுக்கவில்லை. அந்த ஆண்டுதான் முதன்முதலாக அவைக்கு வந்த 14 பேர். மறுநாள், நவம்பர் 26, அவர்கள்தான் சபாநாயகர் மேடைமேல் ஏறினார்கள். காவலர்கள் வரிசையாக உள்ளே வந்து உறுப்பினர்களை இழுத்துக்கொண்டு போனார்கள். நாடாளுமன்றத்துக்குள் காவல்துறை நுழைந்தது என்ற செய்தி சில மணிநேரத்தில் ஊரெங்கும் பரவியது.

வியன்னாவில் கூட்டம் தெருவுக்கு வந்தது. கிராட்ஸ் நகரில் கூட்டத்தைக் கலைக்கப் போஸ்னியப் படைப்பிரிவை இறக்கியதில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர் போனது. ஜெர்மன் நகரத்தில் போஸ்னியச் சிப்பாயைக் கொண்டு சுட்டார்கள் என்ற கோபம் தனியாக எரிந்தது. நகரத்தில் அமைதிக்குத் தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்று வியன்னா மேயரே கைவிரித்தார். நவம்பர் 28 அன்று பேரரசர் பிரதமரை அனுப்பிவிட்டார்.

வியன்னாவில் கொண்டாட்டம். அப்படியானால் பொஹீமியத் தலைநகர் பிராக்கில்? அங்கே செக் கூட்டம் ஜெர்மன் கடைகளையும் யூதர் கடைகளையும் அடித்து நொறுக்கியது. டிசம்பர் 2-ல் பிராக்கில் இராணுவச் சட்டம் வந்தது. யூதர்கள் இந்த ஆணையைக் கேட்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. ஆனாலும் அடி அவர்களுக்கும் விழுந்தது.

பின்விளைவு: 14-ம் பிரிவு

அடுத்து வந்த பிரதமர் 1898-ல் ஆணையைத் திருத்தி, செக் பகுதி, ஜெர்மன் பகுதி, கலப்புப் பகுதி என்று மூன்றாகப் பிரித்தார். யாருக்கும் திருப்தியில்லை. 1899 அக்டோபரில் ஆணை முழுவதும் வாபஸ் ஆனது. உடனே செக் கட்சியினர் அவையை முடக்கத் தொடங்கினார்கள். அதே மேசை மூடிகள். அடிக்கும் கைகள்தான் வேறு.

ஹங்கேரிக் கணக்கு என்ன ஆயிற்று? எதற்காக இந்த ஆணையே வந்ததோ அந்த வேலை அவையில் நடக்கவே இல்லை. 1867-ன் இன்னொரு அடிப்படைச் சட்டத்தின் 14-ம் பிரிவு, அவை கூடாத காலத்தில் அவசரத் தேவைக்கு அரசு தானே ஆணையிடலாம் என்றது. தீ, வெள்ளம் போன்ற ஆபத்துக்கு வைத்த கதவு. அதன்வழியாகக் கணக்கை நீட்டித்தார்கள். அப்புறம் வரவு செலவுத் திட்டத்தையும் அதே வழியில் போடப் பழகினார்கள்.

சரிவு என்று நான் சொல்வது இதைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் சரியவில்லை. இரயில் நேரத்துக்கு ஓடியது, தொழில் வளர்ந்தது, சம்பளம் வந்தது. 1900-ல் வந்த பிரதமர் இரயில்பாதை, கால்வாய் என்று பெரிய திட்டங்களைக் காட்டி எல்லாக் கட்சிகளையும் ஓரிரு ஆண்டு உட்காரவைத்தார். ஆனால் அவையில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று புரிந்துவிட்டது: நாம் முடக்கினாலும் நாடு நிற்காது, அதிகாரிகள் 14-ம் பிரிவில் ஓட்டிவிடுவார்கள். அப்படியிருக்க, விட்டுக்கொடுத்து ஊரில் போய்த் ‘துரோகி’ பட்டம் வாங்க யாருக்குப் பைத்தியம்? பொறுப்பில்லாமல் பேசுவதற்கு அரசே வசதி செய்து கொடுத்தது. 1907-ல் ஆண்கள் எல்லோருக்கும் சம வாக்குரிமை வந்து, 516 பேர் கொண்ட புதிய அவை கூடியபோதும் இந்தப் பழக்கம் போகவில்லை.

பக்கத்து மாகாணத்தில்

இதெல்லாம் இனப் பகை, தீர்க்கவே முடியாதது என்று சொல்வோருக்கு மொராவியாவைக் காட்டலாம். அதே இரண்டு மொழி, அதே பேரரசர், பொஹீமியாவை ஒட்டிய மண். 1905 நவம்பரில் அங்கே இரு தரப்பும் உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மாகாணச் சபையில் செக்குகளுக்கு 73 இடம், ஜெர்மானியருக்கு 40 என்று முன்கூட்டியே பங்கு. நிலப்பிரபுக்களுக்கும் வணிகச் சபைகளுக்கும் தனி இடம். ஒவ்வொரு வாக்காளரும் தம் இனப் பட்டியலில் பதிந்து, தம் இனத்து வேட்பாளருக்கே வாக்களிப்பார். செக் வேட்பாளரும் ஜெர்மன் வேட்பாளரும் மோதுவது என்பதே தேர்தலில் இல்லாமல் போனது. யார் எத்தனை என்ற கேள்வியை மேசையிலிருந்து எடுத்ததும் சபை வேலை செய்யத் தொடங்கியது.

குறை இல்லாமல் இல்லை. எந்தப் பட்டியலிலும் சேர விரும்பாதவருக்கு இடமில்லை. பள்ளிச் சேர்க்கையில் பிள்ளைக்கு அந்தப் பள்ளியின் மொழி தெரியுமா என்று சோதிப்பது, ‘இது எங்கள் பிள்ளை’ என்று மற்ற இனத்துப் பள்ளியிலிருந்து மீட்கப் புகார் கொடுப்பது என்றெல்லாம் போனது. மேலே சொன்ன, பிள்ளைகளை மாற்றிக்கொள்ளும் குடும்பங்களுக்கு இது புரிந்திருக்காது. இருந்தாலும் சபை நடந்தது. 1910-ல் பேரரசின் கிழக்கு மாகாணமான புகோவினாவில் இதே வழியில் இன்னும் பல இனங்களை வைத்து ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

பொஹீமியாவில் மட்டும் எட்டவில்லை. அங்கே மாகாணச் சபை ஜெர்மன் தரப்பின் முடக்கத்தால் 1908 முதல் செயலிழந்து, கஜானா காலியாகி, 1913 ஜூலையில் கலைக்கப்பட்டது. அதிகாரிகள் குழு ஒன்று ஆட்சியை எடுத்துக்கொண்டது. பதிலுக்குச் செக்குகள் வியன்னா அவையை முடக்கினார்கள். 1914 மார்ச்சில் அன்றைய பிரதமர் அவையை ஒத்திவைத்தார். போர் வந்தது, அவைக் கட்டடம் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனை ஆனது. ஹங்கேரியில் நாடாளுமன்றம் போர்க்காலத்திலும் கூடிக்கொண்டிருந்தது. ஆஸ்திரியப் பாதியிலோ 1917 மே 30 வரை கதவு திறக்கவில்லை. இதற்கிடையே, 1916 அக்டோபரில், அவையைக் கூட்ட மறுத்த அந்தப் பிரதமரை ஓட்டலில் மதிய உணவின்போது சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஒருவர் சுட்டுக் கொன்றார். ஒரு மாதத்தில் பேரரசரும் மறைந்தார். அவர் அரியணை ஏறி ஏறத்தாழ 68 ஆண்டு ஆகியிருந்தது.

எதை மாற்றியிருக்கலாம்

ஆணையின் உள்ளடக்கம் நியாயமானது. செக் மனுவைச் செக் அதிகாரி செக்கிலேயே கையாளலாம் என்பதில் யாருக்கும் நட்டமில்லை. ஆகவே செக்குகள் கேட்டது தப்பு என்ற முடிவுக்கு இந்த நிகழ்விலிருந்து வர முடியாது.

முதல் கோளாறு, ஒரே அளவுச் சட்டையை எல்லா மாவட்டத்துக்கும் மாட்டியது. எகரில் தேவையில்லாததைக் கலப்பு மாவட்டத்தில் தொடங்கியிருக்கலாம். 1898-ல் மூன்று பகுதியாகப் பிரித்தார்களே, அது 1897 ஏப்ரலிலேயே வந்திருந்தால் எதிர்ப்பின் வேகம் பாதியாவது குறைந்திருக்கும். அவமானப்பட்ட பிறகு தரும் சலுகைக்கு மதிப்பில்லை.

இரண்டாவது, தேர்வை வைத்துவிட்டுப் பாடத்தை வைக்காதது. நான்கு ஆண்டு அவகாசம் இருந்தது உண்மை. ஆனால் ஜெர்மன் பள்ளியில் செக் கட்டாயமில்லை, கட்டாயமாக்கச் சட்டமும் விடாது. கற்க வழி செய்யாமல் தெரிந்திருக்க வேண்டும் என்றால், அது விலக்கி வைக்கும் விதியாகத்தான் படும்.

மூன்றாவதுதான் முக்கியம். 1890-லும் ஒரு முயற்சி நடந்தது. வியன்னாவில் ஜெர்மானியரும் மூத்த செக் கட்சியினரும் கூடி ஓர் உடன்பாடு போட்டார்கள். இளைய செக் கட்சியை அழைக்கவில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் இளையவர்கள் மூத்தவர்களைத் துடைத்துப்போட்டார்கள். உடன்பாடு தாளோடு போனது. 1897-ல் இளையவர்களோடு உடன்பாடு, ஜெர்மானியர் வெளியே. ஒவ்வொரு முறையும் வெளியே நின்றவரே கதவை உடைத்தார். ஏழே ஆண்டுக்கு முன் நடந்ததை அரசு மறந்திருக்க முடியாது. அவசரம் கண்ணை மறைத்தது. ஹங்கேரிக் கெடு முடிவதற்குள் 60 வாக்கு வேண்டும் என்ற அந்த ஆண்டுத் தேவைக்காக, தலைமுறைக் கணக்கான பிரச்சினையை விலையாகக் கொடுத்தார்கள்.

கடைசியாக 14-ம் பிரிவு. அதை அடைத்திருந்தால் ஓரிரு ஆண்டு வரவு செலவுத் திட்டமே இல்லாமல் திணறியிருக்கும். அந்தத் திணறல் கட்சிகளுக்கு உறைத்து, பேச வந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். ஒப்பாதவர்களும் உண்டு: அரசு ஊழியருக்குச் சம்பளம் போகாமல் கலவரம்தான் வந்திருக்கும் என்பார்கள். அதையும் தள்ள முடியாது.

கோப்பு மூடியது

1918 அக்டோபர் 16 அன்று புதிய பேரரசர் ஆஸ்திரியப் பாதியை இனவாரிக் கூட்டாட்சியாக்குவதாக அறிவித்தார். கேட்க ஆளில்லை. ஐந்து நாள் கழித்து ஜெர்மன் உறுப்பினர்கள் மட்டும் வியன்னாவில் தனியாகக் கூடித் தமக்கென ஓர் அவையை அமைத்துக்கொண்டார்கள்.

28-ம் தேதி காலை பிராக்கில் செக் தேசியக் குழுவினர் முதலில் போனது அரண்மனைக்கோ படைமுகாமுக்கோ அல்ல. தானியக் கொள்முதல் அலுவலகத்துக்கு. பசி அப்படி. உள்ளே போய், இனி இது எங்கள் பொறுப்பு என்றார்கள். அதிகாரிகள் புதிய அரசுக்கு விசுவாசம் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். ஆளுநர் மாளிகையும் துப்பாக்கி வெடிக்காமல் கைமாறியது. அன்று போட்ட முதல் சட்டம், இதுவரை இருந்த சட்டங்கள் எல்லாம் இப்போதைக்கு அப்படியே தொடரும் என்றது. அதே மேசை, அதே அலமாரி, பெரும்பாலும் அதே ஆட்கள்.

1920 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாகியா தன் மொழிச் சட்டத்தைப் போட்டது. ஆட்சிமொழி ‘செக்கோஸ்லோவாக்’. நீதிமன்ற வட்டாரத்தில் 20 விழுக்காடாவது இருந்தால் சிறுபான்மையர் தம் மொழியில் மனுக் கொடுக்கலாம், பதில் பெறலாம். 1880-ல் செக்குகளுக்குக் கிடைத்த சன்னல், இப்போது ஜெர்மானியருக்கு. 1926-ல் விதிமுறைகள் வந்தன. பொஹீமியாவின் மலை மாவட்டங்களில் ஜெர்மன் அதிகாரிகள் செக் மொழித் தேர்வு எழுத உட்கார்ந்தார்கள். தேறாத பலர் வேலையை இழந்தார்கள்.